சமூக ஊடகத்தில் வாதம் செய்வது எப்படி?

யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பொதுப் பதிவின் கீழ் மல்லுக்கட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு வார்த்தையும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. எதிராளி அத்தனை பேர் முன்னால் "நான் சொன்னது தப்பு" என்று இறங்கி வருவது அபூர்வம். இன்னும் ஒரு முடிவுக்கு வராமல் ஓரமாக நின்று படிப்பவர்தான் உங்கள் பதிலால் மாறக்கூடியவர். பேச்சு எதிராளியிடம் இருக்கட்டும், விளக்கம் அந்த மூன்றாமவருக்குப் புரியும்படி இருக்கட்டும்.

பதில் எழுதுவதற்கு முன், சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். "இந்தச் சட்டத்துக்குப் பிறகு விபத்து குறைந்ததா" என்பது தகவல், சரிபார்க்கலாம். "இப்படிச் சட்டம் போடுவது நியாயமா" என்பது மதிப்பீடு, அதற்குப் புள்ளிவிவரம் மட்டும் பதிலாகாது. ஒருவர் தகவல் பேச, இன்னொருவர் நியாயம் பேச, இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்வதால்தான் பாதி சண்டைகள் முடியாமல் இழுக்கின்றன. மதிப்பீட்டில் முரண்பட்டால் சுட்டிகளை (லிங்க்) அடுக்காதீர்கள். "உங்களுக்கு இதில் எது முக்கியம்?" என்று கேளுங்கள்.

பகிரப்பட்ட சுட்டியைத் திறந்து கடைசி வரை படியுங்கள். தலைப்பு ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். படிக்காமலே பகிர்வது அவ்வளவு பரவலாக இருந்ததால்தான், ரீட்வீட் செய்யும் முன் கட்டுரையைப் படிக்கச் சொல்லும் நினைவூட்டலை ட்விட்டர் 2020இல் கொண்டுவந்தது. ஸ்கிரீன்ஷாட் என்றால் மூலப் பதிவையும் தேதியையும் தேடுங்கள், முன்னும் பின்னும் வெட்டியிருக்கலாம். படம் என்றால் அதையே தேடுபொறியில் கொடுத்து, முன்பு எங்கே வந்தது என்று பாருங்கள். பழைய படத்தைப் புதிய சம்பவமாகக் காட்டுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

பதிலுக்கு ஒரு வரிசை உண்டு. எதிராளியின் வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கினால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதில் சரியான பகுதி இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மறுப்பு, அதற்கு ஒன்றோ இரண்டோ நல்ல ஆதாரம், ஆதாரத்தில் எந்தப் பகுதி என்ற குறிப்பு. ஐந்தாறு வரி போதும். அதற்கு மேல் நீண்டால் பல செயலிகள் "மேலும் படிக்க" என்று மடித்துவிடும், முக்கியமான வரி உள்ளே புதைந்துபோகும்.

"மனிதன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான்" என்று ஒருவர் எழுதுகிறார். "இதுகூடத் தெரியாதா?" என்பது கெட்ட பதில். நல்ல பதில் இப்படி இருக்கும்: "'10 சதவீதத்தைத்தான்' என்கிறீர்கள். ஒரே நொடியில் மூளை முழுவதும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்பது சரி. ஆனால் மீதிப் பகுதி சும்மா கிடக்கவில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. பக்கவாதத்தில் ஒரு சிறு பகுதி பாதிக்கப்பட்டாலே பேச்சோ கையோ போய்விடுவதைப் பார்க்கிறோம். 90 சதவீதம் வேலையில்லாமல் இருந்தால் அப்படி நடக்குமா?" திட்டு ஒன்றும் இல்லை. படிப்பவருக்குக் கையில் எடுத்துப்போக இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன.

காரசாரமாக எழுதினால் லைக் கூடும் என்பது உண்மைதான். ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு ஆய்வு, அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் பதிவின் பரவலைச் சுமார் 20 சதவீதம் கூட்டுவதாகக் கண்டது. ஆனால் அந்தப் பரவல் பெரும்பாலும் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்களுக்குள்தான். லைக் எண்ணிக்கையைப் பார்த்து வாதம் எடுபட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

திசைதிருப்பல்களை அடையாளம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரே பதிலில் பத்துக் குற்றச்சாட்டுகளைக் கொட்டுவார்கள். ஒவ்வொன்றையும் மறுக்கப் போனால் விடிந்துவிடும், ஏனென்றால் தப்பாக ஒரு வரி எழுத ஒரு நிமிடம், அதை மறுக்க ஒரு மணி நேரம். இருப்பதிலேயே வலுவான ஒன்றை எடுத்து, "இதை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம்" என்று எழுதுங்கள். பலவீனமானதை எடுத்தால் தப்பிக்கிறீர்கள் என்று தோன்றும். "அப்போ அவங்க செஞ்சது மட்டும் சரியா?" என்று கேட்டால், "அதுவும் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். இது சரியா?" என்று பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு, மடக்கியதும் "நான் சொன்னது இவ்வளவுதான்" என்று சுருங்குபவரிடம் அவருடைய முதல் வாக்கியத்தையே எடுத்துக் காட்டுங்கள். பணிவாகவே ஓயாமல் ஆதாரம் கேட்பவருக்கு ஒருமுறை கொடுங்கள். அதைத் திறந்தும் பார்க்காமல் அடுத்ததைக் கேட்டால் அது விதண்டாவாதம், விட்டுவிடலாம்.

எத்தனை சுற்று? ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 'சேஞ்ச் மை வியூ' (என் கருத்தை மாற்றுங்கள்) என்ற பகுதி உண்டு. மனம் மாறியவர் அங்கே அதை வெளிப்படையாகக் குறிப்பார். அந்த உரையாடல்களை ஆராய்ந்து கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இருவரும் மாறி மாறிக் கொஞ்சம் பதில் எழுதிக்கொண்டால் மனம் மாறும் வாய்ப்பு கூடுகிறது, ஐந்து சுற்றைத் தாண்டினால் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. மனம் மாறத் தயாராக வந்தவர்களிடமே நிலைமை இது. ஆகவே மூன்று பதில்களோடு வாதத்தை முடியுங்கள். நான்காவதில் எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தப் பதிவின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள்.

சிறிய கணக்குக்காரரை மேற்கோள் காட்டித் தனிப்பதிவு போடாதீர்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் கூட்டமாக அவர் மேல் பாய்வார்கள், வாதம் அங்கேயே செத்துவிடும். அவர் பதிவின் கீழேயே எழுதுங்கள். தெரிந்தவர் என்றால் இன்பாக்ஸில் தனியாகச் சொல்வது மேல். வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் அனுப்பிய தவறான செய்திக்கும் இதுவே முறை. ஆனால் அந்தச் செய்தியை நம்பி யாராவது மருந்தை நிறுத்தவோ பணம் அனுப்பவோ வாய்ப்பிருந்தால், குழுவிலேயே உடனே சொல்லிவிட வேண்டும்.

தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அதே இடத்தில் "திருத்தம்:" என்று போட்டு எழுதுங்கள், பழைய வரியை அழிக்காதீர்கள். அழித்தால் அதற்கு வந்த பதில்களெல்லாம் பொருளில்லாமல் தொங்கும், யாரிடமாவது ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கும்.

மிரட்டலோ, முகவரியை வெளியிடுவதோ நடந்தால் அதற்குப் பதில் வேண்டாம். பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவின் சுட்டியையும் சேமித்து, தளத்தில் புகார் கொடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். முதலிலேயே பிளாக் செய்தால் அந்தப் பதிவு மறுபடி உங்கள் கண்ணில் படாமல் போகலாம்.