கேட் தேர்வை மறுபடி எழுதலாமா? முடிவெடுக்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிற்பாதி வந்தால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் இல்லை, ஐஐஎம்களில் எம்பிஏ சேருவதற்கு எழுதுகிற கேட். போன முறை கூப்பிட்டது என் சித்தி பெண். கோயம்புத்தூரில் ஐடி வேலை, இரண்டு வருட அனுபவம். "அண்ணா, 91தான் வந்திருக்கு. மறுபடி எழுதட்டுமா, இல்ல விட்டுடட்டுமா?" 91 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் அவளுக்குக் கீழே. குரல் அழுது முடித்த குரல். ரிசல்ட் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது, அந்த ராத்திரியே முடிவெடுப்பதில். 2023-ல் டிசம்பர் 21 அன்று ரிசல்ட் வந்தது, 2024-ல் டிசம்பர் 19. அடுத்த தேர்வுக்கான பதிவு ஆகஸ்டில்தான் திறக்கும், தேர்வு நவம்பர் கடைசியில். கையில் ஏழு மாதம் இருக்கும்போது ஏழு நிமிடத்தில் "இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றோ "வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாக உட்காருகிறேன்" என்றோ சொல்லிவிட வேண்டிய அவசியம் என்ன? அதைவிட மோசம், துக்கத்தில் இருக்கிற அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் இந்த வருட மதிப்பெண்ணை வைத்துச் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி மாதிரி இடங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து எம்பிஏவுக்கு எடுக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து நடத்தும் பொது இன்டர்வியூவுக்கான அழைப்பு ரிசல்ட்டுக்குப் பிறகுதான் வரும். எக்ஸ்ஏடி என்கிற இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வு ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. பதிவு செய்து பணம் கட்டிவிட்டு, கேட் ரிசல்ட் பார்த்த வருத்தத்தில் அந்தத் தேர்வுக்கே போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவளிடம் அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "பொங்கல் வரைக்கும் இதைப் பத்திப் பேசாதம்மா. ஃபார்ம் மட்டும் போட்டு வை."

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது லேப்டாப்போடு வந்தாள். நான் கேட்டது ஸ்கோர் கார்டை இல்லை, ரெஸ்பான்ஸ் ஷீட்டை. எந்தக் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பது அதில் கேள்வி வாரியாக இருக்கும், தேர்வு முடிந்து சில நாட்களிலேயே தருவார்கள். மறுபடி எழுதுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது, ஆனாலும் முக்கால்வாசிப் பேர் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதற்குத்தான் அதைத் திறக்கிறார்கள், அப்புறம் மூடிவிடுகிறார்கள். இதைத்தான் நான் பெரிய தவறு என்று சொல்வேன்.

நாங்கள் குவாண்ட், அதாவது கணக்குப் பகுதியை எடுத்துக்கொண்டோம். மொத்தம் 22 கேள்வி. 14-ஐத் தொட்டிருந்தாள், 6 சரி, 8 தப்பு. சரியான பதிலுக்கு 3 மதிப்பெண், ஆப்ஷன் கொடுத்த கேள்வியில் தப்பு செய்தால் 1 போகும், விடையை நாமே டைப் செய்கிற கேள்வியில் மைனஸ் கிடையாது. தப்பான எட்டில் ஏழு ஆப்ஷன் கேள்விகள். ஆக 18-லிருந்து 7 போய் 11. இதுவரை எல்லாரும் போடும் கணக்குதான். அடுத்து ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதச் சொன்னேன். ஏழில் நாலு, கடைசி ஐந்து நிமிடத்தில் குத்துமதிப்பாக அடித்தது. அதை விட்டிருந்தாலே 15. பிறகு தொடாமல் விட்ட எட்டுக் கேள்விகளை அங்கேயே உட்கார்ந்து போடச் சொன்னேன். மூன்று கேள்வி, சதவீதமும் விகிதமும், ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டாள். பட்டியலில் கடைசியில் இருந்ததால் அன்றைக்கு அதுவரை போய்ப் பார்க்கவே இல்லை. அது 9. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் 11 என்பது 24 ஆகியிருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கணக்கே வராதுன்னு நெனச்சேண்ணா" என்றாள்.

டிஐஎல்ஆர் என்கிற, தரவுகளையும் தர்க்கத்தையும் வைத்துப் புதிர் போடும் பகுதியும் அப்படித்தான். ஐந்து செட் இருந்தது (ஒரே புதிரை வைத்துக் கேட்கும் சில கேள்விகள் ஒரு செட்), முதல் செட்டிலேயே 17 நிமிடம் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு விடையோடு வெளியே வந்திருக்கிறாள். ஒரு பகுதிக்கு 40 நிமிடம்தான், அதற்குமேல் அடுத்த பகுதிக்குத் தானாகப் போய்விடும், திரும்ப வர முடியாது. அப்படியிருக்க 17 நிமிடம் என்பது கிட்டத்தட்டப் பாதி. எந்த செட்டை எடுப்பது, எதை விடுவது என்று முதல் ஐந்து நிமிடம் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் மூன்று நான்கு மாதத்தில் வந்துவிடும். இது மறுபடி எழுதினால் பலன் தருகிற வகைக் குறை.

எல்லாக் குறையும் அப்படி இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்று வருடம் எழுதினார், மூன்று வருடமும் வெர்பல், அதாவது ஆங்கிலப் பகுதிதான் கவிழ்த்தது. 2024-ல் வெர்பலில் இருந்த 24 கேள்வியில் 16 பத்தி வாசித்துப் பதில் சொல்வது, நான்கு நீளமான பத்திகள். தத்துவம், உயிரியல், பொருளாதாரம் என்று எதுவும் வரும். அவர் ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் ஆரம்பித்து, தினமும் நாலு பத்தி போட்டுப் பார்த்தார். செய்தித்தாளோ புத்தகமோ படிக்கிற ஆள் இல்லை. வாசிப்பு பல மாதமாக ஊறி வருகிற விஷயம், பத்து வாரத்தில் கட்டி எழுப்புகிற விஷயம் இல்லை. அவர் ஜனவரியிலேயே தினம் ஒரு நீண்ட கட்டுரை என்று ஆரம்பித்திருந்தால் மறுபடி எழுதச் சொல்லியிருப்பேன். செப்டம்பரில்தான் நேரம் கிடைக்கும் என்றால், அதே மதிப்பெண்தான் திரும்ப வரும் என்று அவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

என் கதையும் இதுதான். இரண்டாவது தடவை எழுதியபோது நான் எதையும் மாற்றவில்லை. அதே கோச்சிங், அதே மெட்டீரியல், வாரம் ஒரு மாக் (மாதிரித் தேர்வு), மாக் முடிந்ததும் ரேங்க் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். முதல் தடவை வந்ததற்கும் இரண்டாவது தடவை வந்ததற்கும் ஒரு பெர்சன்டைல்கூட வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் போனது. அதனால்தான் யார் கேட்டாலும் "அடுத்த வருஷம் எதை வேற மாதிரி செய்யப்போற?" என்று கேட்கிறேன். "இன்னும் நல்லாப் படிப்பேன்" என்று பதில் வந்தால் எனக்குப் பயமாக இருக்கும். "மாக் எழுதின மறுநாள் மூணு மணி நேரம் அதைப் பிரிச்சுப் பார்ப்பேன், டிஐஎல்ஆர் தினம் ரெண்டு செட், குவாண்டில் அரித்மெடிக்கும் அல்ஜீப்ராவும் முடிக்காமல் ஜியோமெட்ரி பக்கம் போக மாட்டேன்" என்று வந்தால் தைரியமாக எழுதச் சொல்வேன்.

"என் ஸ்லாட்டுதான் கஷ்டம், அதான் போச்சு" என்ற காரணத்தை வைத்து மறுபடி எழுத முடிவு செய்யாதீர்கள். தேர்வு ஒரே நாளில் மூன்று வேளை, மூன்று ஸ்லாட்டாக நடக்கும், அவற்றுக்கு இடையிலான கடின வித்தியாசத்தைச் சரிசெய்துதான் மதிப்பெண் தருகிறார்கள்.

பெர்சன்டைலை மதிப்பெண் மாதிரி நினைப்பது இன்னொன்று. 2024-ல் தேர்வு எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். ஒரு பெர்சன்டைல் என்றால் கிட்டத்தட்ட 2,900 பேர். 91-லிருந்து 95-க்குப் போவதும் 98-லிருந்து 99.5-க்குப் போவதும் ஒரே உழைப்பு இல்லை, மேலே போகப் போக எதிரில் நிற்கிறவர்களும் உங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள் இல்லை. அதே சமயம், பல வருடங்களில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூடத் தொடாமல் 99 வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாக் கேள்வியும் போட வேண்டிய தேர்வே இல்லை இது.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். பெர்சன்டைல் ஏறினால் அழைப்பு வந்துவிடும் என்று நினைத்து எழுதுகிறவர்கள் நிறைய. ஐஐஎம்கள் கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், வேலை அனுபவம், ஆணா பெண்ணா, என்ன படித்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரும், எந்த ஐஐஎம் எதற்கு எவ்வளவு தருகிறது என்பது மட்டும் மாறும். அகமதாபாத்தில் பள்ளி, கல்லூரி மார்க்கையும் அனுபவத்தையும் வைத்து அப்ளிகேஷன் ரேட்டிங் என்றே தனியாகப் போடுகிறார்கள். பெங்களூரு, பத்தாவது பன்னிரண்டாவது மார்க்குக்குக் கனமான இடம் கொடுப்பதற்குப் பெயர் போனது. அதிலும் உங்கள் போர்டில் படித்த மற்ற விண்ணப்பதாரர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சரிசெய்து பார்க்கிறார்கள், அதனால் நம்ம ஸ்டேட் போர்டில் அள்ளிப் போட்ட மார்க் அப்படியே எடுபடும் என்று எண்ண வேண்டாம். பன்னிரண்டாவதில் 72 சதவீதம் எடுத்தவர் இன்னும் நாலு தடவை கேட் எழுதினாலும் அந்த 72 மாறாது. அவர் மறுபடி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் கல்லூரியில் தன் பழைய மார்க் குறுக்கே நிற்காதோ, அந்தக் கல்லூரியை வைத்து இலக்கைப் போடவேண்டும். ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் அட்மிஷன் பாலிசியைத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் மார்க்கை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் குறைந்தபட்ச பெர்சன்டைலை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வாசலில் நிற்க அனுமதிக்கும் எண் மட்டுமே. பொதுப் பிரிவில், இன்ஜினியரிங் படித்த ஆணுக்கு அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தாவில் அழைப்பு வருவது அதற்கு ரொம்ப மேலே.

பகுதிவாரியான கட்-ஆஃபும் உண்டு. மொத்தம் 97 வாங்கி, ஒரு பகுதியில் 60-க்குப் பக்கத்தில் நின்றதால் அழைப்பே வராமல் போவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. இப்படிப்பட்டவர்கள் மறுபடி எழுதுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, ஏனென்றால் சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு இடம்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பது பற்றி. வேண்டாம். வீட்டு நிலைமை, உடம்பு என்று வேறு காரணம் இருந்தால் அது தனி விஷயம், கேட்டுக்காக மட்டும் விடாதீர்கள். இரண்டு மணி நேரத் தேர்வு, கணக்கில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வேலை நாளில் இரண்டு மணி நேரமும் வார இறுதியில் ஆறேழு மணி நேரமும் ஒழுங்காகக் கிடைத்தால் போதும். வேலையை விட்டால் சம்பளம் போகிறது, அனுபவத்துக்கான மதிப்பெண் வளருவது நிற்கிறது, இன்டர்வியூவில் "இந்த ஒரு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்ற கேள்வி வந்து உட்காருகிறது. இதையெல்லாம்விட, வீட்டில் சும்மா இருக்கிறோம் என்ற நினைப்பு ஒவ்வொரு மாக் மதிப்பெண்ணையும் தீர்ப்பு மாதிரி ஆக்கிவிடும். சில நல்ல பிள்ளைகள் அந்தப் பாரத்தில் நவம்பருக்கு முன்பே நொறுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கொடுக்கும் நெருக்கடிக்காக, கிடைத்த கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. இன்னொரு வருஷமா என்ற கேள்விக்குப் பயந்து, பெயர் கேள்விப்படாத இடத்தில் பதினைந்து லட்சம் கடன் வாங்கிச் சேர்ந்துவிடுகிறார்கள். பெரிய ஐஐஎம்களின் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் அங்கே அந்தக் கடனை அடைக்கிற வேலை கிடைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. மற்ற இடங்களில் பிளேஸ்மென்ட் கணக்கில் சராசரிச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்கிறவரின் சம்பளம், என்னவென்று கேளுங்கள், இரண்டு வருடம் முன்பு படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். அப்படிப் பேசிப் பார்த்துத் திருப்தியாக இருந்தால், 99 வாங்காத குறைக்காக அந்த சீட்டை உதறுவதும் தவறுதான்.

கேட் எழுதுகிறவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டு எம்பிஏவுக்காக எழுதும் ஜிமேட் தேர்வுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்பவும் வேண்டாம். ஜிமேட்டை 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து தடவை வரை. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். அவர்களுக்கு மறுபடி எழுதுவது பணமும் ஒரு மாதமும். நமக்கு அது ஒரு வருடம், மதிப்பெண்ணும் அடுத்த டிசம்பரோடு காலாவதி. ஒரு நல்ல விஷயம், பழைய குறைந்த மதிப்பெண் புதியதோடு சராசரி ஆகாது, எத்தனை தடவை எழுதினாலும் அந்த வருடத்து மதிப்பெண்தான் கணக்கு. வயது வரம்பும் கிடையாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே படித்தால் போதும் என்பவர்கள் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வையும் பார்க்கலாம், அதற்கு கேட் எழுதிய தயாரிப்பே பெருமளவு உதவும்.

சித்தி பெண் பொங்கல் முடிந்து கிளம்பும்போதும் முடிவு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு போட்டோ அனுப்பினாள். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், பிப்ரவரியிலிருந்து எழுதிய 11 மாக், ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று எண்: தெரிந்தும் தொடாமல் விட்டது எத்தனை, குத்துமதிப்பாக அடித்தது எத்தனை, டிஐஎல்ஆரில் முதல் செட்டை எத்தனையாவது நிமிடத்தில் விட்டாள். பிப்ரவரியில் 17 என்று இருந்தது ஜூலையில் 6 ஆகியிருந்தது. கீழே, "இன்னைக்கு ஃபீஸ் கட்டிட்டேண்ணா, வேலையை விடல" என்று எழுதியிருந்தாள்.