நண்பர்களோடு பேச எந்தச் செயலி? தேர்வு செய்வது முதல் பேக்கப் எடுப்பது வரை

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்ட பிறகு, அவர்களை ஒரே இடத்தில் பேச வைக்க எந்த அரட்டைச் செயலி ஏற்றது என்பதை, எங்கள் நண்பர்கள் குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது உட்கார்ந்து ஆராய வேண்டியதாயிற்று. அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர், பழைய மகாபலிபுரம் சாலையில் நாள் முழுவதும் அலுவலகக் கணினி முன் இருப்பவர், துபாயில் வேலை பார்ப்பவர், அமெரிக்காவில் குடியேறி ஐபோனுக்கு மாறிவிட்டவர் என்று நாங்கள் பலதரப்பட்டவர்கள். எல்லோருக்கும் ஒத்துவந்த ஏற்பாட்டை எந்த வரிசையில் செய்தேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். செயலியைத் தரவிறக்குவது, எண்ணைச் சேமிப்பது போன்றவற்றை விளக்கப் போவதில்லை.

முதல் படி: செயலியை விட்டுவிட்டு நண்பர்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளில் நண்பர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நாட்டில் இருக்கிறார், எந்த வகைக் கைபேசி வைத்திருக்கிறார், தம் எண்ணைக் குழுவில் உள்ள எல்லோரும் பார்ப்பதற்குச் சம்மதிக்கிறாரா. பல செயலிகள் இந்தத் தாளிலேயே கழிந்துவிடும்.

நாடு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகளும் குரல் பதிவுகளும் தடையின்றிப் போகும், ஆனால் அதில் பேசும் அழைப்புகள் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருக்கும் நம்மவர்கள் பேசுவதற்கென்று போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது இதனால்தான். சீனாவில் படிக்கும் நண்பர் இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது: அங்கே வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மூன்றுக்கும் தடை, அங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட்டுக்கோ 2020 ஜூன் முதல் இந்தியாவில் தடை. அவருக்கு மின்னஞ்சலே வழி. அதேபோல 2023 மே மாதத்தில் பிரையார், எலிமெண்ட், திரீமா, ஐஎம்ஓ உள்ளிட்ட 14 செயலிகளை இந்திய அரசு முடக்கியது. பழைய கட்டுரைகள் சில இவற்றை இன்னும் பரிந்துரைக்கின்றன என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எண் தெரிவது பற்றிய கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை, அது எனக்கு வருத்தம் தருகிறது. இருநூறு பேர் உள்ள முன்னாள் மாணவர் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால், அவருக்கு முன்பின் பழக்கமில்லாதவர்களுக்கும் அவருடைய எண் கிடைத்துவிடுகிறது. சேர்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை.

இரண்டாம் படி: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை நான்கையும் எடைபோடுவது

வாட்ஸ்அப்பைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் நண்பர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். 2016 முதல் அதன் உரையாடல்கள் அனைத்துக்கும் முனைக்கு முனை மறையாக்கம் உண்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் அந்த நிறுவனமே கூட உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். யார் யாரோடு, எப்போது பேசினார் போன்ற விவரங்கள் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்திடம் சேர்கின்றன என்பது இதன் குறை.

டெலிகிராம் மீது பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதன் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது, ரகசிய உரையாடல் என்று இருவருக்கிடையே தனியாகத் தொடங்குவதற்கு மட்டுமே உண்டு. செய்திகள் அந்நிறுவனத்தின் சேவையகத்தில் இருப்பதால், புதுக் கைபேசியில் நுழைந்தவுடன் எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. 2 ஜிபி வரையிலான கோப்பை அனுப்பலாம், ஸ்டோரேஜ் குறைந்த கைபேசியில் படங்களை அழித்துவிட்டாலும் வேண்டும்போது மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம். அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடக் குறிப்புகளைப் பகிர இதை நாடுவது இந்த வசதிக்காகத்தான். கல்யாண ஆல்பத்தைப் பகிர இதைப் பயன்படுத்துங்கள், குடும்பச் சங்கடங்களைப் பேசப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் கருத்து.

நண்பர்களிடம் நான் வலியுறுத்துவது சிக்னலை. லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் செயலி இது, விளம்பரம் கிடையாது, எல்லா உரையாடலும் மறையாக்கப்பட்டது. 2024 முதல் பயனர்பெயர் வசதியும் வந்துவிட்டது, ஆகவே பதிவுசெய்ய எண் தேவைப்பட்டாலும் அதைச் சேமித்து வைத்திராதவர்களுக்கு அது தெரிவதில்லை. முன்னே சொன்ன பெரிய குழுவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

சென்னையை மையமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செயலி 2021-லேயே வெளிவந்தது, 2025 செப்டம்பரில்தான் மக்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அப்போது குரல், காணொளி அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை என்பது பெரிய விவாதமாயிற்று. நம் ஊரில் உருவான செயலி வளர வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். எனினும் நிறுவிய கையோடு, தனி உரையாடலுக்கும் குழுவுக்கும் மறையாக்கம் செயல்படுகிறதா என்று தகவல் பக்கத்தில் பார்த்துவிட்டு அந்தரங்கமானவற்றைப் பேசத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: இரண்டோடு நிறுத்துங்கள்

அன்றாடப் பேச்சுக்கு ஒன்று, மாற்றாக ஒன்று. மூன்றாவது செயலியை நிறுவினால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நாங்கள் வாட்ஸ்அப்பை முதன்மையாகவும் சிக்னலை மாற்றாகவும் வைத்துக்கொண்டோம். மாற்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும்: ஆர்குட் 2014-இலும், யாகூ மெசஞ்சர் 2018-இலும், கூகுள் ஹேங்அவுட்ஸ் 2022-இலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் மூடப்பட்டன. அங்கே மட்டுமே பழகியவர்களைப் பிறகு தேடிப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். நெருங்கிய நண்பர்களின் எண்களையும், முடிந்தால் அவர்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மின்சாரமும் கைபேசிச் சேவையும் போனபோது அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. மேலே எடைபோட்ட நான்கில் எதுவும் இணையம் இல்லாமல் இயங்காது.

நான்காம் படி: எண்ணும் பின்னும் (PIN)

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் கணக்கு என்ற பகுதிக்குப் போய், இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க பின் ஒன்றை இன்றே அமையுங்கள். "மச்சி, என் ஓடிபி தப்பா உன் நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்பிடேன்" என்று நண்பர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பியவர் நண்பர் இல்லை, அவருடைய கணக்கைக் கைப்பற்றியவர். அந்த எண்ணைக் கொடுத்தால் அடுத்தது உங்கள் கணக்கு. பின் இல்லாத கணக்கைத் திருடுபவர் தாமே ஒரு பின்னைப் போட்டுவிட்டால், உங்கள் எண்ணைக் கொண்டு அவரை உடனே வெளியேற்ற முடிந்தாலும், நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க நேரும். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சிம்மையும் உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்கலாம் என்பது விதி, துண்டித்து மேலும் 90 நாள் கழிந்த பிறகு அது வேறொருவருக்குப் போகக்கூடும். வெளிநாடு போகும் நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். புது எண் வாங்கியவர், பழைய எண்ணில் கணக்கு இயங்கும்போதே 'எண்ணை மாற்று' என்ற வசதியைப் பயன்படுத்தினால் குழுக்களுக்குத் தானாக அறிவிப்பு போய்விடும். எண்ணை அப்படியே கைவிட்டால், அதே எண்ணை வாங்கும் முகமறியாத ஒருவருக்கு நண்பர்கள் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: புதுக் கைபேசிக்கு மாறும்போது

இந்தப் படியில்தான் எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் செலவானது, ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ரிச்சி தெருவில் புதுக் கைபேசி வாங்கிய நண்பருக்குக் கடைக்காரரே உதவியாக ஒரு புதிய ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டார். அதே சிம்தான், அதே எண்தான், ஓடிபியும் சரியாக வந்தது. ஆனாலும் பேக்கப் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. பத்தாண்டுப் பேச்சு, மறைந்துபோன அவருடைய தந்தையின் குரல் பதிவுகள் உட்பட, போய்விட்டதாகவே அவர் நினைத்துவிட்டார். காரணம் எளியது: ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கிறது, அதை மீட்க அதே எண்ணோடு அதே கூகுள் கணக்கும் வேண்டும். புதுக் கைபேசியில் அந்தப் பழைய கணக்கே இல்லை.

இப்படி நேர்ந்தால் 'தவிர்' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். செயலியை அப்படியே விட்டுவிட்டு, கைபேசியின் செட்டிங்ஸில் பழைய கூகுள் கணக்கைச் சேர்த்து, பிறகு வாட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவினால் மீட்கும் திரை வரும். அவசரத்தில் தவிர்த்துவிட்டு, பழைய கணக்கிலேயே அன்றிரவு புதிய பேக்கப்பும் எடுக்கப்பட்டுவிட்டால், முன்பிருந்தது மேலெழுதப்பட்டுவிடும். பழைய கைபேசியில் அண்மைய ஏழு நாள்களின் பேக்கப் கோப்புகள் தனியே இருக்கும் என்பதால், அதை அழிக்காமல் வைத்திருந்தால் இன்னும் ஒரு வழி மிஞ்சும்.

இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் டிரைவை நம்புவதைவிட, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் உள்ள 'உரையாடல்களை இடமாற்று' வசதியையே பரிந்துரைப்பேன். இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் படங்களோடு எல்லாம் நேரடியாகப் போகும். இதற்குப் பழைய கைபேசி கையில் இருக்க வேண்டும், ஆதலால் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் மாற்றிமுடித்துச் சரிபார்த்த பிறகே கடையில் ஒப்படையுங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு டிரைவ் பேக்கப் பயன்படாது. ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே, ஐஓஎஸ்ஸுக்கு மாறுவதற்கென்று ஆப்பிள் தரும் செயலியின் வழியாக மாற்ற வேண்டும். முதலில் ஐபோனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அதை முழுவதும் அழித்துவிட்டுத்தான் செய்ய முடியும்.

டிரைவில் உள்ள பேக்கப்புக்கு மறையாக்கம் தானாக வருவதில்லை, 2021 முதல் அதை நாமே இயக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது என்பதால் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். 2024-இலிருந்து இந்த பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கிறது, காணொளிகளை விட்டுவிட்டு எடுத்தால் இடம் மிஞ்சும்.

ஆறாம் படி: குழுவைத் திறக்கும் முன்

வாட்ஸ்அப் செட்டிங்ஸின் ஸ்டோரேஜ் பகுதியில் படங்கள் தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் காலை வணக்கப் படங்களே 32 ஜிபி கைபேசியை நிரப்பிவிடும். தனியுரிமைப் பகுதியில் உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். பிறகு குழுவைத் திறக்கலாம்.

பின்சேர்க்கை

அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் திடீரென்று வெளியேறிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கைபேசியில் 14 நாள் செயலியைத் திறக்காவிட்டால், இணைத்த கணினிகள் தாமாகவே துண்டிக்கப்படும். இவர் கைபேசியை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு கணினியிலேயே பேசிக்கொண்டிருந்தாராம். இது தவிர, 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, பதிவுசெய்த சிம் கைபேசியில் இருந்தால் மட்டுமே அரட்டைச் செயலிகள் இயங்க வேண்டும் என்றும், கணினி வழி இணைப்பு ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறை துண்டிக்கப்பட்டு க்யூஆர் கோடு மூலம் மீண்டும் இணைக்கப்பட வேண்டும் என்றும் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே கணினியை மட்டும் நம்பி இருப்பவர்கள் சிம் உள்ள கைபேசியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதும், இணைத்த சாதனங்களின் பட்டியலில் பழைய அலுவலகக் கணினி ஏதும் மிச்சமிருந்தால் அதை நீக்குவதும் நல்லது.