காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: வார்டில் டெங்குப் பிள்ளையைப் பார்ப்பது எப்படி?

மே, ஜூன் மழையோடும் ஆண்டு முடிவிலும் கொழும்பில் சிறுவர் வார்டுகள் டெங்குவால் நிரம்பும். பக்கத்தில் இருக்கும் தாய் தகப்பன் முதலில் கேட்பது பிளேட்லட்டை (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்களின் எண்ணிக்கையை). ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால்தான் வருகிறது. காய்ச்சல் தொடங்கி 3 முதல் 6 நாளுக்குள், பெரும்பாலும் சூடு இறங்கும்போது கசிவு தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

வெள்ளணுக்கள் 5,000க்குக் கீழே இறங்கி, பின்னால் பிளேட்லட் 1,00,000க்குக் கீழே போனால் கசிவு நெருங்கிவிட்டதென்று எடுத்துக்கொள்ளுங்கள். பிசிவியை (இரத்தத்தில் செவ்வணுக்களின் சதவீதத்தை) முதல் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்: 35ல் இருந்து 42 ஆனால் அது 20 சதவீத ஏற்றம். சேலைன் ஏறும் பிள்ளைக்கு இந்த ஏற்றம் மறைந்துபோகலாம். அப்போது ஸ்கேன்தான் கைகொடுக்கும். பித்தப்பைச் சுவர் தடித்திருக்கும், வலது நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் நீர் தெரியும்.

பிரஷரில் மேல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. 100/80 நல்ல எண் போலத் தெரியும். மேல், கீழ் எண்களின் இடைவெளி 20தான், அது ஷாக் (உடலுக்கு இரத்த ஓட்டம் போதாத ஆபத்தான நிலை). நெஞ்செலும்பில் 5 வினாடி அழுத்தி விடுங்கள்: நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் எடுத்தாலும், கைகால் குளிர்ந்தாலும் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, சோர்ந்து கிடப்பது, காரணமில்லாத அந்தரம் ஆகியவையும் அப்படித்தான். பிரஷர் குழம்பும்போது பிசிவி இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே இரத்தம் போகிறதா என்று தேட வேண்டும்.

அதிக நீரும் ஆபத்துத்தான். கசிந்தது திரும்பி வரும்போது நுரையீரலில் தேங்கிவிடும். இலங்கை வழிகாட்டலின்படி 20 கிலோ பிள்ளைக்குக் கசிவுக் காலம் முழுவதற்கும் வாயாலும் நரம்பாலும் சேர்த்துச் சுமார் 2,500 மில்லிலீட்டர். குடித்த ஜீவனியையும் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) செவ்விளநீரையும் அளந்து தாதியிடம் சொல்லுங்கள். சிறுநீரையும் அளவுக் கோப்பையில் பிடியுங்கள்: இதே 20 கிலோ பிள்ளைக்கு 4 மணி நேரத்தில் 40 மில்லிலீட்டருக்குக் குறைந்தால் நீர் போதவில்லை, 80ஐத் தாண்டினால் அதிகமாகப் போகிறது.

பீட்ரூட், சொக்லட், சிவப்புக் குடிபானம் வேண்டாம். வாந்தியில் இரத்தம் தெரியாமல் போகும். பெனடோல் (பரசிட்டமோல்) தவிர ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கொடுக்கக் கூடாது. இரத்தப்போக்கு இல்லாத பிள்ளைக்கு எண்ணைப் பார்த்து மட்டும் பிளேட்லட் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அதனால் பலனில்லை.