சென்னை மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலா

நட்சத்திரமே சரியாகத் தெரியாத ஊரில் என்ன படம் எடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓரியன் நெபுலாவை, அதாவது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகத்தை, எடுப்பது மொட்டை மாடியிலிருந்துதான், வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர்கூட இல்லை, ஒரு ட்ரைபாடும் 50 எம்எம் லென்ஸும் போதும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் வானத்தில் பரவி சென்சாரில் விழுகிறதே, அந்த வெளிச்சத்தைப் பிறகு மென்பொருளில் கழித்துவிடலாம், ஆனால் அதோடு சேர்ந்து வரும் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் பொறிப்பொறியான இரைச்சலை, கழிக்கவே முடியாது. நிறைய ஃபிரேம் எடுத்து ஸ்டாக் செய்தால்தான், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்தான், அது அடங்கும், பாதியாகக் குறைய நாலு மடங்கு நேரம் வேண்டும். வானம் 10 மடங்கு பிரகாசமாக இருந்தால் இருட்டான ஊரில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு இங்கே 10 மணி நேரம் ஆகும். அதனால் நல்ல லென்ஸ் தேடுவதைவிட இன்னொரு இரவு மாடி ஏறுவதே மேல்.

ஓரியன் சென்னையில் தெற்கே உச்சிக்குப் பக்கம், சுமார் 71 டிகிரி உயரம் வரை ஏறும். ஜனவரி கடைசியில் இரவு 9 மணி வாக்கில் அங்கே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டும் எடுங்கள், தாழ இருக்கும்போது புழுதியும் வெளிச்சமும்தான் பதியும். அமாவாசையை ஒட்டிய நாளாக, மழை பெய்து வானம் கழுவிவிட்டது போல் இருக்கும் இரவாக அமைந்தால் விடாதீர்கள்.

பக்கத்து விளக்கு நேராக லென்ஸில் பட்டால் கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள், லென்ஸைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி மாட்டுங்கள். அப்பர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, ஒரு ஃபிரேமுக்கு 4 விநாடி, JPEG இல்லாமல் RAW கோப்பாக எடுங்கள். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தள்ளி இருந்தால் சரி, நடுவைத் தாண்டினால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். 600 ஃபிரேம் சேர்ந்தால் 40 நிமிடம். கால் மணிக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி ஓரியனை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும்.

பலர் விட்டுவிடுவது ஃபிளாட் ஃபிரேம், அதாவது லென்ஸின் இருட்டு ஓரங்களைச் சரிசெய்ய எடுக்கும் ஒரே சீரான வெள்ளைப் படம். லென்ஸின் ஓரங்கள் கொஞ்சம் இருட்டாகத்தான் பதியும், நகர வானத்தில் பின்னணியே பளிச்சென்று இருப்பதால் அந்த இருட்டு அப்பட்டமாகத் தெரியும், வெளிச்சத்தைக் கழிக்கும்போது இரண்டும் குழம்பி வட்ட வட்டமாகக் கறை நிற்கும். ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் தொடாமல், விடிந்ததும் வெள்ளை வேட்டியை மடித்து லென்ஸ் மேல் விரித்து வானத்தை நோக்கி 30 படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் சிரில் என்ற இலவச மென்பொருளில் ஸ்டாக் செய்து, மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கும் ஸ்ட்ரெச் வேலைக்கு முன்பே பின்னணி வெளிச்சத்தை நீக்குங்கள். பின்னணியை அளக்க மென்பொருள் வைக்கும் மாதிரிப் புள்ளி எதுவும் நெபுலா மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் நெபுலாவும் சேர்ந்து போய்விடும்.

ஃபில்டர்? மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்து ஃபில்டர்கள் வெள்ளை எல்இடிக்கு முன்னால் பெரிதாக உதவாது. ஹைட்ரஜனின் 656, ஆக்ஸிஜனின் 501 நானோமீட்டரை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் நெபுலாவுக்கு அருமையானது, ஆனால் டிராக்கர் வாங்கிய பிறகே அதை யோசியுங்கள், 4 விநாடியில் அதன் வழியே எதுவும் பதியாது. ஆண்ட்ரோமெடா போன்ற கேலக்ஸிகளுக்கு அதுவும் உதவாது. அவற்றின் மெல்லிய ஓரங்கள் வேண்டுமென்றால் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு இரவு போய் வாருங்கள்.