நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடாதீர்கள்: சிஐ பெஞ்ச்மார்க்கில் தவிர்க்க வேண்டியவை

ரீட்மீ கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை நிரலில் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) அது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐ, வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டிச் சிவப்பு காட்டியது: பார்சர் (உள்ளீட்டைப் பகுத்துப் படிக்கும் பகுதி) 14% மெதுவாகிவிட்டதாம். நான் இருந்த குழுவில் இப்படி அடிக்கடி நடக்க, போகப் போக அந்தச் சிவப்பை யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டோம். அப்புறம் ஒருநாள், லூப்புக்குள் தேவையில்லாமல் நகலெடுக்கும் வரி ஒன்று நுழைந்தது. சிஐ சரியாகவே எச்சரித்தது. நாங்கள் அதைப் பார்க்காமல் மெர்ஜ் செய்து, மாற்றத்தை மெயின் கிளையில் சேர்த்துவிட்டோம்.

போன வாரம் சேமித்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டதுதான் கோளாறு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகள் சிஐ வேலைகளை ஓட்டத் தரும் ரன்னர் ஒரு மெய்நிகர் இயந்திரம். ஒவ்வொரு முறையும் ஒரே பிராசசர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதே வன்பொருளில் வேறு யாருடைய வேலை ஓடுகிறது என்பதும் தெரியாது. ஆக, நாங்கள் ஒப்பிட்டது இரண்டு இயந்திரங்களை.

மெயின் கிளையையும் புதிய மாற்றத்தையும் ஒரே ஜாபில் (ஒரே ரன்னரில் ஓடும் வேலையில்) பில்ட் செய்து, பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பழையதை மொத்தமாக ஓட்டி முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கினால், நடுவில் ஏறும் சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும். நேரம் இரு மடங்காகும்தான். ஆனாலும் செய்யுங்கள்.

ஒரே ஓட்டத்தை வைத்து முடிவெடுப்பதும் தவறு. கோ மொழியில் பெஞ்ச்மார்க்கைப் பத்து முறையாவது ஓட்டி, முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிடும் பெஞ்ச்ஸ்டாட் கருவியிடம் கொடுப்பது வழக்கம். இடைஞ்சல்கள் பெரும்பாலும் நேரத்தைக் கூட்டவே செய்யும் என்பதால், சராசரியைவிட இடைநிலை எண்ணையோ மிகக் குறைந்த எண்ணையோ நம்பலாம்.

இயந்திரம் மாறாவிட்டாலும் எண் மாறும். டாட் மிட்கோவிச்சும் உடனாய்வாளர்களும் 2009-இல் காட்டியது இன்றும் எனக்கு வியப்புதான்: சூழல் மாறிகளின் (நிரல் ஓடும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பு விவரங்களின்) மொத்த அளவு, நிரலின் துண்டுகளை லிங்க் செய்து இணைக்கும் வரிசை ஆகியவை மாறினாலே, நிரலை வேகமாக்க கம்பைலர் அதிகம் முயலும் ஓ3 நிலை பலன் தருகிறதா என்ற முடிவே தலைகீழாகலாம். கிளையின் பெயரைச் சூழல் மாறியில் வைக்கும் சிஐயில், அந்தப் பெயரின் நீளம்கூட எண்ணை அசைக்கக்கூடும்.

நேரத்துக்குப் பதில், செயல்பட்ட கட்டளைகளை எண்ணலாம். எஸ்கியூலைட் தரவுத்தளக் குழு இதற்கு கேஷ்கிரிண்ட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. ரஸ்ட் கம்பைலர் குழுவும் கட்டளை எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் இது அதிகம் ஆடாது. ஆனால் டிஸ்க்குக்கும், வேறொரு வேலை பிடித்திருக்கும் லாக் (பூட்டு) விடுபடுவதற்கும் காத்திருக்கும் நேரம் இதில் தெரியாது.

பிழை தேடுவதற்கான, வேகப்படுத்தப்படாத டீபக் பில்டை அளக்காதீர்கள். வேகப்படுத்திய பில்டிலும் கவனம் தேவை: விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் கம்பைலர் அந்தக் கணக்கையே நீக்கிவிடும். ரஸ்டில் பிளாக்பாக்ஸ் என்ற செயற்கூறு இருப்பது அதைத் தடுக்கத்தான். ஜாவாவில் வார்ம்-அப் (அளக்கும் முன் நிரலைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றுவது) இல்லாத எண் எதற்கும் உதவாது.

எச்சரிக்கை எல்லையைக் குத்துமதிப்பாக 5% என்று வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் 1% மெதுவாக்கும் இருபது மாற்றங்கள் அதற்குக் கீழேயே நழுவிப்போகும், சேர்ந்தால் 22%. அதைப் பிடிக்க, தனி இயந்திரத்தில் டர்போவை (பிராசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதியை) அணைத்துவிட்டு இரவுதோறும் ஓட்டி, வரலாற்றை வைத்திருக்க வேண்டும். அந்த வரலாற்றில் எண் எந்த இடத்தில் தாவியது என்று கண்டறியும் முறையை மாங்கோடிபி தரவுத்தளக் குழு 2020-இல் விளக்கி எழுதியது.

புல் ரிக்வெஸ்டுக்கான எல்லைக்கு, ஒரே கமிட்டை (நிரலின் ஒரே பதிவை) அதனோடேயே பலமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வரும் வித்தியாசம் முழுக்க இரைச்சல். எல்லை அதற்கு மேலே இருக்கட்டும். ரன்னரின் இமேஜ் (அதில் நிறுவப்பட்டிருக்கும் மென்பொருள் தொகுப்பு) மாறும்போதெல்லாம் இதை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.