கலிபோர்னியாவில் கேஸ் ஸ்டேஷனில் பீர், ஒயின் விற்க அனுமதி பெறுவது: மண்டல விதிகளைப் படிப்படியாக அணுகும் முறை

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடையில் மது விற்கலாமா என்ற கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். சில மாநிலங்களில் ஊருக்கு ஊர்கூட மாறும். இங்கே கலிபோர்னியாவை மட்டும் பார்ப்போம். அங்கே சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் புதிதாக வருபவர்கள் அதைத் தவறான முனையிலிருந்து படிக்கத் தொடங்கிப் பணத்தையும் மாதங்களையும் இழக்கிறார்கள்.

உரிமம் தருவது ஏபிசி எனப்படும் மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறை. அந்த இடத்தில் மது விற்கலாமா என்று சொல்வது நகரம்; நகர எல்லைக்கு வெளியே என்றால் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). மாநில வணிக, தொழில்கள் சட்டத் தொகுப்பின் 23790-ஆம் பிரிவுப்படி, செல்லுபடியாகும் மண்டல விதிக்கு (எந்தப் பகுதியில் என்ன தொழில் நடக்கலாம் என்ற உள்ளூர் விதிக்கு) முரணான இடத்துக்கு ஏபிசி உரிமம் தரக் கூடாது. ஆகவே நகரத் திட்டமிடல் அலுவலகக் கவுன்டரில் தொடங்குங்கள். கடை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அங்கே போய்விடுவது நல்லது.

படி 1: எந்த உரிமம் என்று முடிவு செய்யுங்கள்

வெளியே எடுத்துச் செல்லும் விற்பனைக்கு இரண்டு உரிமங்கள் உண்டு. டைப் 20 பீருக்கும் ஒயினுக்கும் மட்டும். டைப் 21-இல் விஸ்கி, ரம், வோட்கா போன்ற காய்ச்சி வடித்த மதுவும் அடங்கும்.

கேஸ் ஸ்டேஷனுக்கு இந்த வேறுபாடு பெரியது. எரிபொருளையும் மதுவையும் ஒரே இடத்தில் விற்பது பற்றிய 23790.5-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருவது பீருக்கும் ஒயினுக்கும் மட்டுமே. கேஸ் ஸ்டேஷனில் காய்ச்சி வடித்த மது கூடவே கூடாது என்று ஒரு நகரம் விதி போட்டால், இந்தப் பிரிவைக் காட்டி வாதாட முடியாது. முதல் முறை முயல்பவர்கள் டைப் 20-உடன் தொடங்குவதே சரி.

படி 2: மண்டலத்தைப் பாருங்கள்

நகர இணையதளத்தில் மண்டல வரைபடம் இருக்கும். முகவரியைக் கொடுத்தால் அந்த மனையின் மண்டலக் குறியீடு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நகராட்சிச் சட்டத் தொகுப்பில் பயன்பாட்டு அட்டவணையைத் திறந்து இரண்டு வரிகளைத் தேடுங்கள்: எரிபொருள் விற்பனை, வெளியே எடுத்துச் செல்லும் மது விற்பனை. ஒவ்வொன்றும் தானாக அனுமதிக்கப்பட்டதா, நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதி வேண்டுமா, தடையா என்று எழுத்துக் குறியில் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் 23790.5 வேலை செய்கிறது. ஒரு மண்டலத்தில் எரிபொருளைத் தனி மனையிலும் பீர், ஒயினைத் தனி மனையிலும் விற்க விதி இடம் தந்தால், இரண்டையும் சேர்த்து விற்கக் கூடாது என்று 1988 ஜனவரி 1 முதல் எந்த நகரமும் ஒட்டுமொத்தத் தடைச் சட்டம் போட முடியாது. ஆனால் அந்த மண்டலத்தில் இரண்டில் ஒன்று தடை என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதை "நகரம் மறுக்கவே முடியாது" என்று படித்துவிடாதீர்கள். அதே பிரிவின் அடுத்த பகுதி, நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதி வழியாக ஒவ்வொரு மனையையும் தனித்தனியே பார்த்து மறுக்கவும் நிபந்தனை போடவும் நகரத்துக்கு இடம் தருகிறது. அதற்குச் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். விசாரணைக்கு முன்னறிவிப்புத் தந்து எல்லாத் தரப்பும் பேச வாய்ப்பளிக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழ்நிலைக்குக் கொடுத்திருந்தால் மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். எழுதும் காரணங்களுக்கு ஆவணத் தொகுப்பில் கணிசமான சான்று இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சான்றில்தான் விண்ணப்பங்கள் ஜெயிப்பதும் தோற்பதும்.

படி 3: தூரத்தை அளந்து பாருங்கள்

ஏபிசி தன் பங்குக்கு மூன்று தூரங்களைப் பார்க்கும். பள்ளி, பொது விளையாட்டுத் திடல், இலாப நோக்கற்ற இளைஞர் மையம் ஆகியவை 600 அடிக்குள் இருந்தால் உரிமத்தை மறுக்க அதற்கு அதிகாரம் உண்டு. தேவாலயம், மருத்துவமனை என்றால் "மிக அருகில்" என்பதே அளவுகோல். குடியிருப்பு 100 அடிக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே வசிப்பவர்களின் அமைதி கெடாது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அந்த 100 அடியை எங்கிருந்து அளப்பது என்பதில் கேஸ் ஸ்டேஷன்காரர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். கடைக் கட்டடத்திலிருந்து வீடு 140 அடி தள்ளியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். விதியோ வீட்டின் ஓரத்திலிருந்து கடையின் ஓரம் அல்லது வாடிக்கையாளர் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம், இவற்றில் எது பக்கமோ அதுவரை நேர்கோட்டில் அளக்கச் சொல்கிறது. பின்பக்க வேலியை ஒட்டி நாலு பார்க்கிங் கட்டம் இருந்தால் அந்த 140 அடி 30 அடியாகச் சுருங்கிவிடும். டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து, மனை வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

நகரங்கள் தமக்கென்று தனித் தூர விதிகளும் வைத்திருக்கும்: இன்னொரு மதுக் கடையிலிருந்து இத்தனை அடி, பூங்காவிலிருந்து இத்தனை அடி என்று. அவை மாநில அளவுக்கு மேலே கூடுதலாக வருபவை.

படி 4: கடைகளின் எண்ணிக்கையும் குற்றக் கணக்கும்

ஏபிசியின் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு, உங்கள் முகவரி எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதியில் வருகிறது, அங்கே எத்தனை வெளிவிற்பனை உரிமங்கள் உள்ளன, எத்தனை அனுமதிக்கப்பட்டவை என்று கேளுங்கள். மக்கள்தொகைக்கு உரிமம் என்ற விகிதம் கவுண்டி விகிதத்தைத் தாண்டினால் அது "மிகுதியான குவிப்பு" ஆகும். காவல்துறைக் குற்றப்பதிவு வட்டத்தில் பதிவான குற்றங்கள் சராசரியைவிட 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் அதே முத்திரைதான்.

இரண்டில் ஒன்று பொருந்தினாலே, "பொதுமக்களின் வசதி அல்லது தேவை" இதனால் நிறைவேறும் என்று நகரம் முடிவு சொல்ல வேண்டும். நிறைவான விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு கிடைத்த 90 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். நகரம் பேசாமல் இருந்துவிட்டால் ஏபிசியிடமே நீங்கள் காட்டலாம். இந்த முடிவும் நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதியும் வேறு வேறு. ஒன்று கிடைத்ததும் மற்றது தானாக வராது. இரண்டையும் ஒரே விசாரணையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

சில நகரங்களிலும் கவுண்டிகளிலும் புதிய டைப் 20 உரிமங்களுக்கே தடைக்காலம் உண்டு. 2,500 பேருக்கு ஒரு உரிமம் என்ற வரம்பை அவை தாண்டியிருக்கும். குறுகிய விதிவிலக்கு உண்டு என்றாலும், பெரும்பாலும் அங்கே இருக்கும் உரிமத்தை வாங்கி மாற்றிக்கொள்வதே நடைமுறை வழி. அப்போது பணம் எஸ்க்ரோவில், அதாவது மாற்றம் முடியும்வரை மூன்றாம் தரப்பிடம், இருக்க வேண்டும். மாற்றும் நோக்கத்தைக் கவுண்டிப் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

படி 5: நகர விண்ணப்பம்

லாஸ் ஏஞ்சல்ஸில் மதுவுக்கான நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதியைக் கப் (CUB) என்று சுருக்கிச் சொல்வார்கள். பிற ஊர்களில் சியூபி (CUP). பெயர் எதுவானாலும் கையில் வேண்டியவை ஏறத்தாழ ஒன்றே: நில உரிமையாளரின் கையெழுத்து, மனை வரைபடம், கடையின் உள்வரைபடம், சுற்றுப்புறச் சொத்துக்காரர்களின் முகவரிப் பட்டியல், உங்கள் வாதத்தைச் சொல்லும் கடிதம். நிலம் வேறொருவருடையது என்றால் குத்தகை ஒப்பந்தத்தையும் எரிபொருள் ஒப்பந்தத்தையும் படித்து, மது விற்பனைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உள்வரைபடத்தை அலட்சியமாக வரையாதீர்கள். கேஸ் ஸ்டேஷன்களுக்கென்றே மாநிலச் சட்டம் போட்டிருக்கும் கட்டாய நிபந்தனைகள் அதில் தெரிய வேண்டும். கல்லாவிலிருந்தும் முன்வாசலிலிருந்தும் 5 அடிக்குள் பீர், ஒயின் காட்சிக்கு வைக்கக் கூடாது. 1988 ஜனவரி 1-இலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருந்த குளிர்பெட்டிக்கு மட்டும் விலக்கு. சக்கரம் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் அதில் சேராது. கல்லாவையும் வாசலையும் மையமாக வைத்து 5 அடி ஆரத்தில் வட்டம் போட்டுக் காட்டினால் அதிகாரிக்கு ஒரே பார்வையில் புரியும். ஐஸ் தொட்டியில் போட்டு விற்கக் கூடாது. வண்டியில் இருந்தபடியே வாங்கும் ஜன்னல் வழியாக விற்கக் கூடாது. பம்ப் மேடைகளில் மது விளம்பரம் கூடாது. கட்டடத்திலோ ஜன்னலிலோ தானே ஒளிரும் பீர், ஒயின் பலகை கூடாது. இரவு 10 முதல் 2 மணி வரை பீர், ஒயின் விற்கும் ஊழியருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் மதிப்பாய்வைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இருக்கும் கட்டடத்தில் சிறு மாற்றம் மட்டும் என்றால், நடப்பிலுள்ள கட்டடங்களுக்கான முதல் வகை விலக்கு பெரும்பாலும் பொருந்தும். புதிதாகக் கடை கட்டுவது வேறு கதை.

படி 6: விசாரணைக்குத் தயாராவது

மாநிலச் சட்டப்படி விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பு 300 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். பல நகரங்கள் இதைவிட அகலமாக அனுப்பும். அதற்கு முன்பே நீங்கள் அக்கம்பக்கத்தவரைப் போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் மதுவைப் பற்றியே இருக்காது. இரவு விளக்கு கண்ணில் அடிப்பது, குப்பை, பின்பக்கம் கூடும் கூட்டம் என்றிருக்கும். இவற்றைச் சரிசெய்வது அதிகச் செலவில்லாத காரியம். அந்த வீடுகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்ற நினைப்போடு போனால் பேச்சு நல்லபடி நடக்கும்.

சான்றுக்கு வருவோம். "எங்களுக்கு இது பிடிக்கவில்லை" என்ற பொதுவான எதிர்ப்பு மட்டும் மறுப்பைத் தாங்காது. "சனிக்கிழமை இரவுகளில் அந்தப் பார்க்கிங்கில் குடித்துவிட்டுச் சண்டை போடுவதை நேரில் பார்த்தேன்" என்பது சான்றாக எடுக்கப்படலாம். உங்கள் பக்கமும் அதே தரத்தில் இருக்க வேண்டும்: அந்த முகவரிக்குக் காவல்துறை வந்த பதிவு, விளக்கு வரைபடம், கேமரா இருக்கும் இடங்கள், வயது சரிபார்க்கும் முறை. "நல்ல குடும்பம் நடத்தும் கடை" என்ற கடிதங்கள் ஐம்பது கொடுத்தாலும் ஆவணத் தொகுப்பில் எடை ஏறாது.

வரக்கூடிய நிபந்தனைகளை முன்பே எதிர்பாருங்கள். ஒற்றைக் கேன் விற்பனைக்குத் தடை, ஆல்கஹால் கூட்டிய ஒயினுக்குத் தடை, விற்பனை நேரக் குறைப்பு, சுவர்க் கிறுக்கல்களை 24 அல்லது 48 மணி நேரத்தில் அழிப்பது ஆகியவை சாதாரணம். ஒற்றைக் கேன் தடையை எதிர்த்துப் பல கடைக்காரர்கள் விசாரணையில் மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் கருத்தில் அதை ஏற்றுக்கொள்வதே நியாயம். குளிர்ந்த ஒற்றைக் கேன் பெரும்பாலும் வண்டியிலேயே திறக்கப்படும் பொருள். பெட்ரோல் போட வந்தவர் அடுத்த நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவர்.

மறுத்தால் நகரத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டை முதலில் முடிக்க வேண்டும். அதற்கான காலக்கெடு சில ஊர்களில் மிகக் குறுகியது. முடிவு சொன்ன அன்றே தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றம் போக இறுதி முடிவிலிருந்து 90 நாள்.

படி 7: ஏபிசி விண்ணப்பம்

நகர வேலையும் இதுவும் ஒரே காலத்தில் ஓடலாம். மண்டல அனுமதி வராமல் உரிமம் மட்டும் வெளியே வராது. முக்கியமான படிவம் ஏபிசி-211. கூடவே கடை வரைபடமும் மண்டல நிலை பற்றிய உறுதிமொழியும் தர வேண்டும். நகரத்துக்குக் கொடுத்த வரைபடத்தையே இங்கும் கொடுங்கள்; இரண்டிலும் குளிர்பெட்டி வேறு வேறு இடத்தில் இருந்தால் கேள்வி வரும்.

வாசலில் அறிவிப்பை 30 நாள் தொடர்ந்து ஒட்டி வைக்க வேண்டும். காற்றிலோ மழையிலோ கிழிந்துபோவது சகஜம் என்பதால் தினமும் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே உரிமம் இல்லாத இடம் என்றால் 500 அடிக்குள் வசிப்போருக்கு அஞ்சலில் தெரிவிக்க வேண்டும். பட்டியலில் சொத்து உரிமையாளர்களையும் சேர்த்துவிடுங்கள். ஒட்டிய நாள், அஞ்சல் அனுப்பிய நாள் இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 30 நாளுக்குள் யாரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம்.

படி 8: கதவு திறந்த பிறகு

அதிகாலை 2 முதல் 6 வரை மாநிலம் முழுக்க விற்பனை இல்லை. வாடிக்கையாளரே ஸ்கேன் செய்யும் கல்லாவில் மது போகக் கூடாது. ஒவ்வொரு கல்லா ஊழியரும் முதல் நாளிலேயே உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்றது 36 மாதத்தில் மூன்று முறை பிடிபட்டால் உரிமம் பறிபோகலாம்.

ஜன்னல் விதி பலருக்குத் தெரியாது. ஜன்னல், கண்ணாடிக் கதவு இவற்றின் மொத்தப் பரப்பில் 33 சதவீதத்துக்கு மேல் எந்த வகை விளம்பரமும் இருக்கக் கூடாது. லாட்டரி, சிப்ஸ், காபி எல்லாமே கணக்கில் வரும். 8-க்கு 7 அடியில் இரண்டு கண்ணாடி, 3-க்கு 7 அடியில் ஒரு கதவு என்றால் மொத்தம் 133 சதுர அடி. ஒட்டக்கூடியது சுமார் 43 சதுர அடி. அதற்குள் இருந்தாலும், வெளி நடைபாதையிலிருந்தோ வாசலிலிருந்தோ பார்க்கும் காவலருக்குக் கல்லா தடையின்றித் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே மது விற்கும் கேஸ் ஸ்டேஷனை வாங்குபவர்களுக்கு

நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதி நிலத்தோடு போகும். பழைய உரிமையாளர் ஏற்ற நிபந்தனைகள் உங்களையும் கட்டும் என்பதால், அந்த முடிவின் முழு நகலை நகர அலுவலகத்திலேயே வாங்கிப் படியுங்கள்.

இந்த அனுமதியைக் கேட்கும் மண்டல விதி வருவதற்கு முன்பிருந்தே விற்கும் பழைய கடை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 23790-இன்படி அந்த உரிமை, அதே வகை உரிமத்தோடும் அதே தன்மையோடும் தொடர்ந்து நடக்கும்வரைதான். பழுதுபார்க்க 30 நாளுக்கு மிகாமல் மூடலாம். மது விற்கும் பரப்பை அப்போது கூட்டக் கூடாது. குளிர்பெட்டி அறையைப் பெரிதாக்க இரண்டு மாதம் மூடிவைத்தால் பழைய உரிமை போய், மேலே சொன்ன ஒவ்வொரு படியையும் புதிதாக ஏற வேண்டிவரும். ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கும் முன் வரைபடத்தையும் மூடும் தேதிகளையும் திட்டமிடல் அலுவலகத்தில் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.