ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக்: எதை எப்போது சாப்பிடுவது

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீர் கிணற்றில் கலந்துவிட்டால், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது வயிறு கெட்டுப்போகும். உடனே மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். தண்ணீராகப் போகும் பேதி பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தானாக அடங்கிவிடும். டைபாய்டு, ரத்தபேதி, வயிற்றுப்புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி என்று டாக்டரே எழுதிக்கொடுத்தால் அது வேறு.

அப்படி எழுதிக்கொடுத்தால் கூடவே புரோபயாடிக்கும் (உயிருள்ள நல்ல கிருமிகள் அடங்கிய மருந்து) வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிப்பதால் சிலருக்குப் புதிதாகப் பேதி வரும், அதைக் குறைக்கத்தான் புரோபயாடிக். நோயைத் தீர்ப்பது ஆன்டிபயாடிக்தான், அதைப் பாதியில் விடக்கூடாது.

இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் பலர் செய்வது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லாக்டோபேசில்லஸ் என்றால் அது பாக்டீரியா, அதனால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலை 8, இரவு 8 என்று மாத்திரை போடுபவர் இதை 11 மணிக்குப் போடலாம். சாக்கரோமைசஸ் பொலார்டி என்றிருந்தால் அது ஈஸ்ட், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சை மாத்திரை அதைக் கொன்றுவிடும். பொடியாக இருந்தால் சூடான பாலிலோ கஞ்சியிலோ கலக்காதீர்கள், ஆறின தண்ணீர் போதும்.

அப்புறம் மோர். மாத்திரையை மோரில் விழுங்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைத் தயிர், பாலில் உள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சிப்ரோவைத் தண்ணீரில் விழுங்கி, 2 மணி நேரம் கழித்துத் தயிர் சாப்பிடுங்கள். முதலில் தயிர் சாப்பிட்டுவிட்டால் 6 மணி நேரம் பொறுங்கள். தயிரும் பழைய சோறும் நல்லவைதான், ஆனால் அவற்றில் எந்தக் கிருமி எவ்வளவு என்ற கணக்கு கிடையாது, அதனால் டாக்டர் எழுதிய புரோபயாடிக்குக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம். சோற்றில் ஊற்றுவது காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும்.

கீமோ எடுப்பவர்கள், நெஞ்சில் ஊசிக்குழாய் வைத்திருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள், இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் புரோபயாடிக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து சில வாரம் கழித்துக்கூடக் கடும் பேதி வரலாம், அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரை எதையும் நீங்களாகப் போடாமல், முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று அந்த அட்டையையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.